எனக்கென்று ஒரு சப்பாத்து

நாற்பத்தெட்டு வயது வரை நான் எனக்கென்று ஒரு சப்பாத்து வாங்கியதில்லை. மகன் தேய்த்துப் போட்ட பள்ளிச் சப்பாத்து என் காலுக்கு வரும். இரண்டு பேருக்கும் ஒரே அளவு, வசதியாகப் போயிற்று. அதை மாட்டிக்கொண்டுதான் தெப்ராவ் தொழிற்சாலையில் பன்னிரண்டு மணி நேரம் நின்று பிளாஸ்டிக் மூடிகளைச் சரிபார்ப்பேன். காலையில் கட்டிலை விட்டு இறங்கினால் குதிகாலில் ஆணி ஏறும். மாத்திரை அப்புறம், முதலில் சப்பாத்தை மாற்றுங்கள் என்றார் கிளினிக் டாக்டர்.

தம்போய்க் கடைத்தெருவில் மூன்று கடை ஏறி இறங்கினேன். வேலை முடிந்து கால் வீங்கியிருக்கும் நேரமாகப் பார்த்துத்தான் போனேன், அப்போதுதான் சரியான அளவு தெரியும். வெள்ளை வேண்டாம், தொழிற்சாலை எண்ணெய்க் கறை போகாது. வலைத்துணி மழைக்கு ஆகாது. வேலைக்கும் சந்தைக்கும் போட்டுக்கொள்ள வேண்டும், கல்யாண வீட்டில் சேலைக்கடியில் உறுத்தவும் கூடாது, விலை எண்பது வெள்ளியைத் தாண்டவும் கூடாது. கடைக்காரப் பெண் ரோஜா நிறத்தில் ஒன்றை நீட்டினாள். நான் அவளை ஒரு பார்வை பார்த்தேன். கடைசியில் தடித்த அடிப்பாகம் வைத்த, பெயர் தெரியாத கறுப்பு ஒன்று கிடைத்தது. வளைத்துப் பார்த்தேன், விரல் பக்கம் மட்டும் மடிந்தது. எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் விடியுமுன் மகன் வாசலில் உட்கார்ந்து என் புதுச் சப்பாத்தை மாட்டிக் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். பாலம் தாண்டி, சிங்கப்பூர்க் கிடங்கில் அவனுக்கு அன்று வேலைக்கு முதல் நாள். கறுப்புச் சப்பாத்து கட்டாயம் என்று ஒரு வாரம் முன்பே சொல்லியிருக்கிறார்கள். துரை மகனிடம் இருந்தது வெள்ளை. என் ஓவர்டைம் காசில், இதைப்போல மூன்று மடங்கு விலைக்கு வாங்கியது.

“இன்னிக்கு ஒரு நாளைக்குத்தான்லா, அம்மா.”

பழைய பள்ளிச் சப்பாத்தை எடுத்து நீட்டினேன். அதுவும் கறுப்புதான், அவனுடையதுதான். மூக்கைச் சுளித்தான். உள்ளேயிருந்து என் கணவரின் குரல் வந்தது.

“ஒரே இடத்தில நிக்கிறவளுக்கு எந்தச் சப்பாத்தா இருந்தா என்னா?”

அதுவரை கொடுத்துவிடலாம் என்றுதான் இருந்தேன்.

“கழட்டு” என்றேன்.

கழற்றினான். வீசி எறிந்திருந்தால்கூடத் தேவலை, ஜோடியாகச் சேர்த்து என் காலடியில் வைத்தான். வெள்ளையை மாட்டிக்கொண்டு, கீழே காத்திருந்த கூட்டாளியின் மோட்டாரில் பின்னால் ஏறிப் போனான்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் கணவரிடமிருந்து செய்தி வந்தது. ‘வெள்ளைச் சப்பாத்துன்னு அவனைத் திருப்பி அனுப்பிட்டாங்க. சந்தோஷமா?’

பெற்ற மனம் பித்து என்பார்கள். ஆனால் இருபது வருஷத்துப் பித்தும் ஒரு நாள் தெளியும் போலிருக்கிறது. போனை மூடி வைத்துவிட்டுப் புதுச் சப்பாத்தின் கயிற்றை இறுக்கிக் கட்டினேன்.

அன்றைக்கும் பன்னிரண்டு மணி நேரம் நின்றேன். கால் வலிக்கவே இல்லை. வீட்டில் அதைச் சொல்ல எனக்கு ஓர் ஆள் இல்லை.