சவ்ரியின் பூண்டுப் பாத்தி

வக்ஷ் ஆற்றங்கரையில் எங்கள் கூட்டுப்பண்ணைக் கிராமத்தில் பருத்தி வாசற்படி வரைக்கும் வந்து நிற்கும். சாலைக்கு இரண்டு பக்கமும் பருத்தி, பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் பருத்தி, இறந்தவர்களை அடக்கம் செய்யும் மையவாடியைச் சுற்றிலும் பருத்தி. எல்லாம் அரசாங்கத்துடையது. ஒரு குடும்பம் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள இருந்தது வீடும், மண்சுவருக்குள் அடங்கிய கொல்லையும்தான். அந்தக் கொல்லையில் விளைந்ததுதான் குளிர்காலத்தில் சட்டிக்குள் போகும்.

சவ்ரி வாழ்க்கைப்பட்டு வந்தபோது அவள் புருஷன் நஸ்ருல்லோவின் கொல்லையில் உப்புப் பூத்துக் கிடந்தது. முள்ளங்கிகூட முளைக்காது. இருவருமே மலைக்காரர்களின் பிள்ளைகள். கார்ம் பக்கத்து மலைகளிலிருந்து பருத்தி விதைக்க லாரி லாரியாக இறக்கிவிடப்பட்ட குடும்பங்கள். மலையில் இருந்தவர்களுக்கு மண்ணின் அருமை தெரியும். சவ்ரி ஒவ்வொரு குளிர்காலத்திலும் வாய்க்கால் தண்ணீரைத் திருப்பிக் கொல்லையை மூழ்கடித்து உப்பைக் கழுவினாள். ஆற்று வண்டலும் சாணமும் வைக்கோலும் அடுப்புச் சாம்பலும் தள்ளுவண்டியில் கொண்டுவந்து கொட்டினாள். டிராக்டர் பழுதுபார்க்கும் நஸ்ருல்லோ வேலை முடிந்து கிரீஸ் கையோடு வந்து சுவரில் சாய்ந்துகொண்டு, "என்னைப் பாத்துக்கூட நீ இப்படிச் சிரிச்சதில்ல. சாணியப் பாத்து என்னா சிரிப்பு" என்பான்.

"சாணி எதித்துப் பேசாது" என்பாள் அவள்.

வருஷங்கள் போகப் போக மண் கறுத்தது. மண்வெட்டியை வைத்தால் தானாக இறங்கும். அள்ளினால் பிட்டு மாவு போல உதிரும். வெங்காயமும் மஞ்சள் கேரட்டும் பூசணியும் கொத்துமல்லியும் அந்தக் கொல்லையில் வந்ததைப் போல வேறெங்கும் வரவில்லை. அடுத்த வீட்டு பொஸோர்குல் சுவருக்கு மேலே தலையை நீட்டி, "அக்கா, உன் வெங்காயத்த கொஞ்சம் சின்னதா வளத்தா என்னவாம்? என் மாமியாரு அதக் காட்டிக் காட்டியே என்னைத் திட்டுது" என்று புலம்புவாள்.

"தண்ணி பாய்ச்சுற நேரத்துல ஊர்க்கதை பேசாம இருந்தின்னா உனக்கும் வளரும்டி."

பொஸோர்குல் கூலோப் பக்கத்துக் குடும்பத்தில் பிறந்தவள். அவர்களும் அதே பருத்திக்காக அதே மாதிரி இறக்கப்பட்டவர்கள்தான். அவள் புருஷன் மார்புநோயில் போய்ச் சேர்ந்துவிட்டான், பின்னாலேயே மாமியாரும். ஒரே மகளோடு இருந்தாள். பருத்தி இலை உதிர விமானம் மருந்து தெளிக்க வரும் நாட்களில் இருவரும் ஆளுக்கொரு முனையாகப் போர்வையைப் பிடித்து, முதலில் இந்தக் கொல்லைச் செடிகளையும் பிறகு அந்தக் கொல்லைச் செடிகளையும் மூடுவார்கள். இந்தக் கொல்லையில் எடுத்த நாற்று அந்தக் கொல்லைக்குப் போகும்.

பிறகு சண்டை வந்தது. யார் ஆளுவது என்று தலைநகரில் தொடங்கியது, எங்கள் ஊருக்கு வந்து சேர்வதற்குள் யார் எந்த ஊர்க்காரன் என்பதாகிவிட்டது. அடையாள அட்டையைப் பார்த்துப் பிறந்த இடத்துக்காக ஆளைச் சுட்டார்கள். குளிர்காலத் தொடக்கத்தில் கூலோப் பக்கத்துத் துப்பாக்கிக்காரர்கள் பக்கத்துப் பண்ணை வரை வந்துவிட்டார்கள் என்றதும் மலைக்காரர்கள் எல்லோரும் எல்லை ஆற்றை நோக்கி ஓடினார்கள். நஸ்ருல்லோ மட்டும் அசையவில்லை.

"ரெண்டு பக்கத்து டிராக்டரையும் நான்தான்டி ஓட வச்சேன். என்னை யாரு என்ன செய்வான்? வீட்டை விட்டுட்டுப் போனா கதவு நிலைகூட மிஞ்சாது. நெலம மோசமானா கேரட் குழிக்குள்ள எறங்கிக்கிறேன். நீ புள்ளைங்களக் கூட்டிட்டுக் கெளம்பு."

கேரட் குழி என்பது குளிர்காலத்துக்குக் காய்களை மணலில் புதைத்துவைக்கும் பள்ளம். மேலே பலகை, பலகைக்கு மேல் வைக்கோல். அது எங்கே இருக்கிறது என்று வீட்டாருக்குத் தெரியும். பொஸோர்குலுக்கும் தெரியும்.

சவ்ரி மகள் பர்வோனாவையும் சின்னவன் அஸிமையும் இழுத்துக்கொண்டு போய், டயர்களைக் கட்டிய மிதவையில் ஆற்றைக் கடந்தாள். நனைந்த துணியோடு அக்கரை மணலில் கிடந்ததில் அஸிமுக்கு நெஞ்சில் சளி கட்டியது. மருந்து வருவதற்குள் அவன் மூச்சு நின்றுவிட்டது. ஆற்று மணலில் புதைத்தார்கள். வெள்ளம் வந்தபோது அந்த இடமே போய்விட்டது. அகதிக் கூடாரத்தில் மாதங்கள் போயின. நஸ்ருல்லோ இருக்கிறான், போனதும் சின்னவனைப் பற்றி அவனிடம் எப்படிச் சொல்வது என்பதே அவள் கவலையாக இருந்தது.

அடுத்த கோடையில் பேருந்துகளில் திருப்பிக் கொண்டுவந்து விட்டார்கள். வீட்டுக்குக் கூரை இல்லை. கதவு, ஜன்னல், தரைப்பலகை ஒன்றும் இல்லை. கேரட் குழி வாய் பிளந்து கிடந்தது. ஆனால் கொல்லை பச்சைப் பசேல் என்றிருந்தது. தக்காளி சிவந்து தொங்கியது. வாய்க்காலில் புதுக் கரை போட்டிருந்தது. சுவரில் ஓர் ஆள் நுழைகிற அளவு இடித்து வழி செய்திருந்தது.

சவ்ரிக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. சுவர்ப் பக்கம் போய் நின்று கத்தினாள். "ஏய் பொஸோர்குல், வெளிய வாடி. வீட்டைப் பிரிச்சுத் தின்னது பத்தாதுன்னு மண்ணையும் சேத்துத் தின்னுட்டியா?"

"அம்மா, மெதுவா" என்றாள் பர்வோனா. தெருவில் இன்னும் துப்பாக்கியோடுதான் ஆட்கள் நடமாடினார்கள்.

பொஸோர்குல் வந்தாள். முகத்தில் எலும்புதான் இருந்தது. "வசந்தத்துல மாவே கெடைக்கலக்கா. புல்லப் பிடுங்கித் தின்னோம். அதான் விதைச்சேன். தக்காளிய எடுத்துக்க, பூசணிய எடுத்துக்க, எல்லாம் உன்னோடது. அந்தப் பூண்டுப் பாத்தியில மட்டும் மண்வெட்டி வைக்காத."

கொல்லைக் கோடியில் ஒரு பாத்தியில் பூண்டு முற்றித் தாள் காய்ந்து நின்றது. களை இல்லை. ஆனால் ஒரு பூண்டும் பிடுங்கப்படவில்லை.

"ஏன், பொதையலா வச்சிருக்க?"

பொஸோர்குல் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். "உன் வீட்டுக்காரரு அங்கதான் இருக்காருக்கா."

சவ்ரி நின்றபடியே கேட்டாள். பொஸோர்குல் கீழே பார்த்தபடியே சொன்னாள். நஸ்ருல்லோவைச் சுட்டு வாய்க்கால் ஓரம் போட்டுவிட்டு, யாரும் எடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மூடுபனி இறங்கிய அந்தியில் அவள் ஒருத்தியாகச் சாணத் தள்ளுவண்டியில் அவனை ஏற்றி உள்ளே கொண்டுவந்தாள்.

"ஊரெல்லாம் மண்ணு எறுகிக் கெடந்துச்சு. என் கொல்லையில மண்வெட்டி எறங்கல. உன் மண்ணுதான் மெத்துனு இருந்துச்சு. கஃபனுக்கு வெள்ளத்துணி இல்ல. விமானம் வந்தா செடிய மூடுவோமே, அந்தப் போர்வையில சுத்துனேன். புது மண்ணுன்னு தெரியக் கூடாதுன்னு மேல பூண்டப் பதிச்சேன்."

"கிப்லாவப் பாத்தா வச்ச?"

"ஆமா. நீ எந்தப் பக்கம் பாத்துத் தொழுவேன்னு நெனச்சுப் பாத்து வச்சேன்."

சவ்ரி பூண்டுப் பாத்தியைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு கேட்டாள். "குழிக்குள்ள இருந்த மனுசன எப்படிக் கண்டுபிடிச்சாங்க?"

பொஸோர்குல் தலைத்துணியின் முனையை வாயில் திணித்துக்கொண்டாள். திரும்ப எடுத்தபோது குரல் அடங்கிப்போயிருந்தது. "வந்தவங்கள்ல என் தம்பி ரஜபாலியும் இருந்தான். என் மவ கழுத்துல துப்பாக்கிய வச்சுட்டு, அவரு எங்கேன்னு கேட்டான். சிரிச்சுக்கிட்டேதான் வச்சான். நான் வாயத் தொறக்கலக்கா. அல்லா மேல சத்தியமா வாயத் தொறக்கல. கண்ணு அந்தப் பக்கம் போயிருச்சு."

சவ்ரி திரும்பிப் போய் முதல் தக்காளிச் செடியைப் பிடுங்கிச் சுவருக்கு அப்பால் எறிந்தாள். அடுத்ததையும் பிடுங்கினாள். பூசணிக் கொடியை வேரோடு இழுத்தாள். பூண்டுப் பாத்தியைத் தவிர அந்தக் கொல்லையில் ஒன்றும் மிஞ்சவில்லை. பர்வோனா பின்னாலேயே குனிந்து குனிந்து விழுந்த பழங்களைப் பாவாடையில் பொறுக்கினாள். "நாளைக்கு என்னம்மா திங்கிறது?" என்று கேட்டாள்.

அதற்குப் பிறகு ஒரு காலை, சுவரின் இடிபாட்டில் துணி முடிச்சு ஒன்று இருந்தது. உள்ளே கேரட் விதையும் டர்னிப் விதையும். சவ்ரி அன்றைக்கு அதைத் தொடவில்லை. பர்வோனா மயங்கி விழுந்த பிறகு எடுத்து விதைத்தாள். பசிக்கு ரோஷம் கிடையாது என்று பின்னாளில் ஒருமுறை எங்களிடம் சொன்னாள்.

ரஜபாலி இப்போது ஊர்க்காவலில் பெரிய ஆள். அக்காளைப் பார்க்க வரும்போதெல்லாம் இந்தக் கொல்லைக்குள்ளும் நடந்து வருவான். முதல் தடவை வந்தபோது சவ்ரி கேரட் பாத்தியில் களை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"வந்துட்டீங்களாக்கா, சந்தோசம். பயப்படாதீங்க, நாம எல்லாம் ஒண்ணுதான். அண்ணன் எங்க, ரஷ்யாவுலயா?" என்று ஒன்றும் தெரியாதவன்போலக் கேட்டான்.

"தெரியலப்பா."

அவன் கொல்லையைச் சுற்றிக் கண்ணை ஓட்டினான். "பூண்டு முத்திக் காஞ்சு போச்சே. பிடுங்கலையா?"

பொஸோர்குல் சுவர் ஓட்டையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். சவ்ரி களையைக் கையில் பிடித்தபடியே, "விதைக்கு விட்டிருக்கேன் தம்பி" என்றாள்.

"நல்ல மண்ணுக்கா உங்க மண்ணு" என்று சொல்லி, ஒரு கேரட்டை உருவிக் காற்சட்டையில் துடைத்துக் கடித்துக்கொண்டே போனான்.

அப்படித்தான் அந்த வருஷங்கள் போயின. மையவாடிக்கு மாற்ற வேண்டும் என்று சவ்ரி முல்லாவிடம் ரகசியமாகக் கேட்டபோது, "இப்ப வேணாம்மா. எல்லார் வீட்டுலயும் யாரோ ஒருத்தர் இப்படிக் கெடக்குறாங்க. ஒண்ணத் தோண்டுனா ஊரே தோண்டும்" என்றார் அவர். பூண்டு உதிர்ந்து தானாக முளைத்தது. அவள் அதற்குத் தண்ணீர் மட்டும் விட்டாள். சமையலுக்குப் பூண்டு வேண்டுமென்றால் கடைத்தெருவுக்குத்தான் போனாள். பொஸோர்குலும் அவளும் ஒரே வாய்க்காலில் முறைவைத்துத் தண்ணீர் பாய்ச்சினார்கள். "மடையத் தொறக்கவா", "தொற" என்பதற்கு மேல் பேச்சில்லை.

சமாதானம் கையெழுத்தான கோடையில் ரஜபாலியை அவனுடைய ஆட்களே சுட்டுவிட்டார்கள். சந்தையில் எந்த வாசலில் யார் வசூல் செய்வது என்ற தகராறு. பிணம் பொஸோர்குல் வீட்டுக்குத்தான் வந்தது. எங்கள் வழக்கத்தில் மையித்து கிடந்த வீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்கள். அக்கம்பக்கத்தார்தான் சமைத்துப் போடவேண்டும். பெண்கள் எல்லோரும் சவ்ரியைப் பார்த்தார்கள்.

"போகப் போறியாம்மா?" என்றாள் பர்வோனா. "அவனுக்கா நம்ம கேரட்டு?"

"அவன் திங்க மாட்டான்" என்றாள் சவ்ரி. கேரட்டும் வெங்காயமும் எடுத்துக்கொண்டு போனாள். மற்றப் பெண்களோடு உட்கார்ந்து நறுக்கினாள். ஒப்பாரி தொடங்கியதும் கத்தியைக் கழுவி எடுத்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டாள். "கல்நெஞ்சுக்காரி, ஒரு சொட்டுக் கண்ணீர் விடல பாரு" என்று ஒருத்தி முணுமுணுத்தாள். பொஸோர்குல் அழுகையை நிறுத்திவிட்டு, "அவளச் சொல்லாத" என்று மட்டும் சொன்னாளாம்.

இலையுதிர்காலத்தில் முல்லா தாமாகவே வந்து, "இப்ப எடுக்கலாம்மா" என்றார். ஆண்கள் பூண்டைச் சீவிவிட்டுத் தோண்டினார்கள். மண் மெத்தென்றுதான் இருந்தது. சீக்கிரம் முடிந்துவிட்டது. போர்வையின் பூ வேலைப்பாடு இன்னும் கொஞ்சம் தெரிந்தது. வெள்ளைத்துணியில் சுற்றி ஜனாஸாவைத் தோளில் ஏற்றிப் போனார்கள். பெண்கள் மையவாடிக்குப் போகும் வழக்கமில்லை. பள்ளத்தின் ஓரத்தில் சவ்ரியும், சுவர் ஓட்டையில் பொஸோர்குலும் நின்றார்கள்.

பொஸோர்குல் உள்ளே வந்து மண்வெட்டியை எடுத்தாள்.

"வச்சுடு" என்றாள் சவ்ரி.

"ஒருத்தியா மூட முடியாதுக்கா. நான் அன்னிக்கு ஒருத்தியாத்தான் மூடுனேன். எனக்குத் தெரியும்."

சவ்ரி அவள் பக்கம் திரும்பினாள். "நீ பொதைச்சதுக்கு அல்லா உனக்குக் கூலி குடுப்பான். அத நான் தடுக்க மாட்டேன். நீ அந்தப் பக்கம் பாத்தியே, அத என்னால மறக்க முடியல. ரெண்டையும் வச்சுக்கிட்டு நான் என்ன பண்றதுன்னு எனக்கே தெரியல. வீட்டுக்குப் போ."

பொஸோர்குல் மண்வெட்டியைச் சுவரில் சாத்திவிட்டுப் போனாள். சவ்ரி பொழுது சாயும்வரை ஒருத்தியாக மண்ணைத் தள்ளினாள். பர்வோனா உதவிக்கு வந்தபோதும் வேண்டாம் என்றுவிட்டாள். மறுநாள் முதுகு நிமிராமல் கட்டிலில் கிடந்தாள். வாய்க்காலில் அவள் முறைத் தண்ணீர் வந்தபோது யாரோ அவள் மடையைத் திறந்து, பாய்ச்சி, மூடிவிட்டுப் போயிருந்தார்கள்.