சவுரியம்மாளின் பொட்டலத் தாள்கள்

சரியான விடையைக் கண்டால் எனக்குச் சந்தேகம் வரும். இருபத்திரண்டு வருஷம் பையன்களுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவனுக்கு வேறு எந்தக் குணம் மிஞ்சும்? பன்னிரண்டு கணக்கும் சரி என்றால் முதலில் பக்கத்து பெஞ்சைப் பார்ப்பேன், பிறகு சட்டைக் கையைப் பார்ப்பேன், கடைசியில்தான் மார்க்குப் போடுவேன். என் பெயர் சுந்தரமூர்த்தி. வாலாஜாபேட்டைக்காரன். பிழைக்க வந்தது ஆம்பூருக்கு. பையன்கள் எனக்கு வைத்த பெயர் வேறு, அது இங்கே வேண்டாம்.

சவுரியம்மாளைப் பற்றி எழுதித் தரும்படி அவளிடம் படித்த பெண்கள் கேட்டிருக்கிறார்கள். இன்றைக்கு அவள் திமிரிப் பக்கம் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் தலைமை உபாத்தியாயினி. புகழ்ந்து நாலு வார்த்தை எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள். என்னிடம் இருப்பது புகழ்ச்சி இல்லை, ஒரு வழக்கு. அந்த வழக்கில் போலீசும் நான்தான், வக்கீலும் நான்தான், ஜட்ஜும் நான்தான்.

1926ஆம் வருஷம் பங்குனி மாதம். ஊருக்கு வெளியே ஒரு மிஷன் பயிற்சிப் பள்ளி இருந்தது. பெண்களை ஆசிரியைகளாகத் தயார் செய்யும் இடம். அந்த வருஷம் சாப்பாடு, விடுதி எல்லாம் இலவசமாக ஒரே ஓர் இடம் கொடுப்பதாக அறிவித்தார்கள். பிள்ளை இருந்தால் அதுவும் விடுதியில் தங்கிப் படிக்கலாம். பதினோரு பேர் மனுப் போட்டார்கள். கணக்குப் பரீட்சை வைத்துத் தேர்ந்தெடுப்போம் என்று பள்ளித் தலைவரான பாதிரியார் தானியேல் ஐயர் முடிவு செய்து, கேள்வித்தாள் எழுத என்னைக் கூப்பிட்டார்.

பன்னிரண்டு கணக்கு எழுதினேன். அங்ககணிதம், பீஜகணிதம், க்ஷேத்திரகணிதம் மூன்றையும் கலந்தேன். பங்கு பிரிக்கும் கணக்குக்குப் பக்கத்தில் ஒரு முக்கோணம், அதற்கடுத்து ஒரு சமன்பாடு, அப்புறம் நாலு பேர் ஆறு நாளில் வெட்டும் கிணறு. எங்கள் ஹைஸ்கூல் பையன்கள் அத்தியாயம் அத்தியாயமாகக் கொடுத்தால் பிய்த்து உதறுவார்கள். இப்படிக் கலந்து வைத்துவிட்டால் எந்தக் கணக்குக்கு எந்த வழி என்று தெரியாமல் பேந்தப் பேந்த விழிப்பார்கள். அதைப் பார்ப்பதில் எனக்கு ஒரு சின்ன சந்தோஷம் உண்டு, பொய் சொல்வானேன்.

பத்துப் பெண்கள் நான் நினைத்தபடியே விழித்தார்கள். அவர்களில் அதிகம் வாங்கியவள் ஏழு. பதினோராவது தாளில் பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு இருந்தது. மேலே சவுரியம்மாள் என்று பெயர்.

யார் இந்தச் சவுரியம்மாள் என்று விசாரித்தேன். வயது இருபத்தேழு. மூன்றாம் பாரம், அதாவது எட்டாம் வகுப்பு வரை மிஷன் பள்ளியில் படித்தவளை நிறுத்திக் கல்யாணம் செய்து கொடுத்திருந்தார்கள். புருஷன் தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டி வேலைக்காரன், காய்ச்சலில் போய்விட்டான். அதே ஷாப்பில் இவள் தோலுக்குப் போடும் ஆவாரம்பட்டை இடிக்கிறாள். மரியம்மாள் என்று எட்டு வயதில் ஒரு மகள். சித்திரை பிறந்தால் மகளும் உலக்கை பிடிக்க வர வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு பேருக்கும் வேலை இல்லை என்று மேஸ்திரி சொல்லி வைத்திருந்தான். இந்த இடம் கிடைத்தால் பெண் பள்ளிக்கூடத்துக்குப் போகும், கிடைக்காவிட்டால் பட்டைக் கொட்டகைக்குப் போகும். இவ்வளவும் கேட்ட பிறகு என் சந்தேகம் ஜாஸ்தியாயிற்று. இத்தனை அவசரம் உள்ளவள் எதுவும் செய்வாள் என்றுதான் எனக்குத் தோன்றியது.

விடைத்தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஒவ்வொரு கணக்கின் ஓரத்திலும் பொடி எழுத்தில் ஒரு வார்த்தை இருந்தது. ஒன்றுக்குப் பக்கத்தில் "பங்கு", இன்னொன்றுக்கு "மூலை", வேறொன்றுக்கு "தராசு". இது யாரோ யாருக்கோ கொடுத்த அடையாளம் என்று தீர்மானித்தேன். தானியேல் ஐயரிடம் சொல்லி அவளை வரவழைத்தேன்.

வந்தாள். கைவிரல்கள் பட்டைச் சாயத்தில் பழுப்பேறி இருந்தன. தோளில் ஒரு துணிப்பை.

"பைல இன்னாம்மா?" என்று கேட்டேன்.

"தாளுங்க, சார்."

"எடு."

மேஜைமேல் கொட்டினாள். எண்ணெய்க் கறை, மஞ்சள் கறை, மிளகாய் நெடி. எல்லாம் மளிகைக் கடைப் பொட்டலம் பிரித்த தாள்கள். ஒன்றை எடுத்துப் பார்த்ததும் எனக்கு ரத்தம் தலைக்கேறியது. எங்கள் பள்ளிக்கூடத்து நோட்டுப் புத்தகத் தாள் அது. ஓரத்தில் சிவப்பு மசியில் என் கையெழுத்து!

"ஐயர்வாள், பாருங்கள். என் கையெழுத்து இவள் பையில் எப்படி வந்தது?"

சவுரியம்மாள் பயப்படவில்லை. அதுவே எனக்குப் பிடிக்கவில்லை.

"அமீர் பாஷா கடைல பொட்டலம் கட்டிக் குடுக்கிற தாளு, சார். உப்பு வாங்குனா ஒண்ணு வரும், பருப்பு வாங்குனா ஒண்ணு வரும். மூணு வருசமா சேத்து வெச்சுப் போட்டுப் பாக்குறேன்."

"உன் விடைத்தாள் ஓரத்தில் என்னமோ எழுதி வைத்திருக்கிறாயே, அது இன்னா? பங்கு, மூலை?"

"பொட்டலத் தாளுல பாடத்தோட பேரு இருக்காதே, சார். ஒரு நாளைக்கு வட்டம் வரும், மறுநாளு சமன்பாடு வரும், பாதி கிழிஞ்சும் இருக்கும். இது இன்னா ஜாதிக் கணக்குன்னு மொதல்ல கண்டுபுடிச்சாதான் போட முடியும். அதான் எழுதி வெச்சுக்குவேன். சமன்பாடுன்னா ரெண்டு பக்கமும் ஒரே எடை இருக்கணும், அதனால தராசு." பிறகு, "உங்க திட்டெல்லாம் எனக்கு மனப்பாடம், சார். படி எங்கேடா மடையான்னு எழுதியிருப்பீங்க. அதப் பாத்துதான் படிப்படியா கணக்குப் போடக் கத்துக்கிட்டேன்" என்றாள்.

தானியேல் ஐயர் சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை. கதை நன்றாக இருந்தது, நன்றாக இருக்கிற கதையை நான் நம்புவதில்லை. நேரே அமீர் பாஷா கடைக்குப் போனேன்.

"ஆமா, வாத்தியார் சாப்" என்றார் அவர். "உங்க பசங்க பழைய நோட்டெல்லாம் எடைக்குப் போட்டுட்டுப் போறானுங்க. அந்த அம்மா வந்தா, பாய், எழுத்து ஜாஸ்தி இருக்கிற தாளா பாத்துக் கட்டுன்னு சொல்லும். சர்க்கரை கம்மியா இருந்தாகூட ஒண்ணும் கேக்காது, வெள்ளைத் தாளுல கட்டுனா சண்டைக்கு வரும்."

அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் பழைய நோட்டில் இருப்பது பழைய கணக்கு, என் புதுத் தாளில் பன்னிரண்டும் எப்படிச் சரியாகும் என்று மனம் குடைந்தது. கேள்வித்தாள் வைத்திருந்த தகரப் பெட்டியின் பூட்டை இரண்டு தடவை ஆராய்ந்தேன். கீறல் ஒன்றும் இல்லை. கீறாமல் திறந்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

தானியேல் ஐயரிடம் ஒரு நிபந்தனை வைத்தேன். மறுபடி பன்னிரண்டு கணக்கு, என் கண்ணெதிரில். முதல் தடவை நேர்மையாகப் போட்டவள் இரண்டாம் தடவையும் பன்னிரண்டும் போட வேண்டும். ஒன்று குறைந்தாலும் இடம் அடுத்தவளுக்கு. அவர் ரொம்ப யோசித்தார், பள்ளிக்குக் கெட்ட பெயர் வரக் கூடாதே என்று ஒப்புக்கொண்டார்.

மறுநாள் காலையில் அவர் அறையிலேயே உட்கார வைத்தோம். உள்ளங்கையைக் காட்டச் சொன்னேன், புறங்கையையும் காட்டச் சொன்னேன். பையை வெளியே வைக்கச் சொன்னேன். அவள் முகம் இறுகியது, ஆனால் எல்லாம் செய்தாள். இந்தத் தடவை ஊருக்கு ஏற்ற மாதிரி ஒரு கணக்கும் சேர்த்திருந்தேன். "தோல் ஊறப்போடும் தொட்டி ஒன்று எட்டடி நீளம், ஆறடி அகலம், ஐந்தடி ஆழம். அதில் தோல் ஊறப்போட எத்தனை கன அடி சுண்ணாம்புத் தண்ணீர் ஊற்ற வேண்டும்?" எழுதும்போது எனக்கே பெருமையாக இருந்தது. இத்தனை வருஷத்தில் நான் ஒரு தோல் ஷாப்புக்குள் கால் வைத்ததில்லை. அந்தப் பக்கம் போனால் துண்டால் மூக்கை மூடிக்கொண்டு நடப்பவன்.

ஒன்றரை மணி நேரத்தில் தாளைக் கொடுத்தாள். திருத்தினேன். பதினொன்று சரி. தொட்டிக் கணக்குக்கு நேரே படி எதுவும் இல்லாமல், "தொட்டி" என்ற வார்த்தையும் 204 என்ற விடையும் மட்டும் இருந்தன. சரியான விடை 240.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பன்னிரண்டு கணக்குக்கும் நான் போட்டுப் பார்த்த விடைகளை ஒரு தாளில் எழுதி மடித்து என் கோட்டுப் பையில் வைத்திருந்தேன், கோட்டை நாற்காலியில் மாட்டியிருந்தேன். இடையில் இரண்டு தடவை வெளியே வெற்றிலை துப்பப் போனேன். எட்டிப் பார்த்திருக்கிறாள், அவசரத்தில் பூஜ்யத்தை இடம் மாற்றி எழுதியிருக்கிறாள். அகப்பட்டாள்!

"ஒன்று தப்பு. நீ போகலாம்" என்றேன்.

"எது சார் தப்பு?"

"அதைச் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை."

அவள் தானியேல் ஐயரைப் பார்த்தாள். அவர் ஜன்னலைப் பார்த்தார். அவள் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டாள். அடுத்த பெண்ணுக்கு நாளைக் காலையில் கடிதம் போடுகிறேன் என்றார் ஐயர்.

ஜெயித்தவன் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட வேண்டியதுதானே? என் குணம் விடவில்லை. ஐயர் முகத்தில் இருந்த வருத்தத்தைப் போக்க இன்னும் ஒரு சாட்சி வேண்டும், அவள் எப்படிப்பட்டவள் என்று மேஸ்திரி வாயால் கேட்டுவிடலாம் என்று அன்று சாயங்காலம் தோல் ஷாப்புக்குப் போனேன். துண்டால் மூக்கை மூடிக்கொண்டுதான் போனேன். மேஸ்திரி இல்லை. வேலாயுதம் என்ற தொட்டிக்காரர் ஒரு தொட்டியில் சுண்ணாம்புத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். காத்திருக்கிற நேரத்தில் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். விளிம்புக்கு ஒரு சாண் கீழேயே ஊற்றுவதை நிறுத்திவிட்டு அவர் வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டார்.

"ஏன் நிறுத்திட்டீர்? தொட்டி இன்னும் நிறையலையே" என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இன்னா சார் இப்படிக் கேக்குறீங்க? முக்கால் அடி உட்டுதான் ஊத்தணும். தோலு உள்ள எறங்குனா தண்ணி மேல வருமில்ல. ரொம்ப ஊத்துனா வழிஞ்சு காலெல்லாம் வெந்து பூடும். இது இங்க பட்டை இடிக்கிற பொம்பளைக்குக்கூடத் தெரியுமே."

ஐந்தடியில் முக்கால் அடி போனால் நாலேகால். எட்டாறு நாற்பத்தெட்டு. நாற்பத்தெட்டை நாலேகாலால் பெருக்கினால் இருநூற்று நாலு.

அந்த இடத்திலேயே இரண்டு தடவை பெருக்கிப் பார்த்தேன். முதல் தடவை என் தலையையே நம்பவில்லை. தோல் ஊறப்போட எத்தனை தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று கேட்டவன் நான். கேட்ட கேள்விக்குச் சரியான விடை எழுதியவள் அவள். தினம் கண்ணால் பார்க்கிற தொட்டிக்குப் படி எதற்கு என்று விட்டிருக்கிறாள். தொட்டியைக் கண்ணால் பார்க்காமல் தொட்டிக் கணக்கு எழுதியவனுடைய விடைதான் தப்பு. துண்டு மூக்கிலிருந்து எப்போது நழுவியது என்று எனக்குத் தெரியாது. அந்த நாற்றம் முழுவதும் என்மேல் அடித்தது, நான் நகரவில்லை.

பொழுது விடிந்ததும் தானியேல் ஐயர் வீட்டுக்கு ஓடினேன். கடிதத்தை எழுதி உறையில் போட்டு மேஜைமேல் வைத்திருந்தார். விஷயத்தைச் சொன்னேன். அவர் உறையைக் கிழித்தார். இரண்டு பேருமாகப் பட்டைக் கொட்டகைக்குப் போனோம்.

கொட்டகை முழுக்க ஆவாரம்பட்டைத் தூள் பறந்துகொண்டிருந்தது. சவுரியம்மாள் இடித்துக்கொண்டிருந்தாள். எதிர்ப் பக்கத்தில் மரியம்மாள், தன்னைவிட உயரமான ஓர் உலக்கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். சித்திரை பிறக்க இன்னும் ஒன்பது நாள் இருந்தது. இடம் போய்விட்டது, இனிமேல் எதற்குக் காத்திருப்பது என்று முந்தின நாள் மத்தியானமே மேஸ்திரியிடம் சொல்லிவிட்டிருக்கிறாள்.

"உங்கள் விடை சரி, அம்மா. என் விடைதான் தப்பு. இடம் உங்களுக்குத்தான்" என்றேன். ஒரு மாணவனிடமும் அதுவரை நான் சொல்லாத வார்த்தை. அழுவாள் என்று நினைத்தேன், கும்பிடுவாள் என்றுகூட நினைத்தேன், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

அவள் உலக்கையை நிறுத்தினாள்.

"எழுதிக் குடுங்க, சார்."

"எதை?"

"ரெண்டு பரீச்சையிலயும் நான் திருடலன்னு."

"அதற்கு அவசியம் இல்லையம்மா, நாங்களே வந்து சொல்கிறோமே" என்றார் ஐயர்.

"நீங்க நல்லவரு, ஐயரே. இவரு இன்னிக்கு இப்படிச் சொல்லுவாரு, நாளைக்கு வேற ஒரு சந்தேகம் வரும். அப்ப எம்பொண்ண விடுதியிலேருந்து வெளிய அனுப்புவீங்க. எழுத்துல இருக்கட்டும்."

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. என் வார்த்தையை நம்பமாட்டேன் என்கிறாளே, யாரைப் பார்த்து என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. பிறகுதான் நேற்றுக் காலையில் அவளுடைய புறங்கையைத் திருப்பிக் காட்டச் சொன்னது ஞாபகம் வந்தது. ஐயரிடம் தாளும் பென்சிலும் வாங்கி, ஒரு பட்டை மூட்டைமேல் வைத்து எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

அவள் முதல் வரியிலிருந்து படித்தாள். முடித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து படித்தாள்.

"தேதி போடல, சார்."

தேதி போட்டேன். அதற்குப் பிறகுதான் அவள் மகள் கையிலிருந்த உலக்கையை வாங்கினாள்.