பைத்தீத்திக்குப் போகும் செனோபியோ

உருளைக்கிழங்கு அறுவடை முடிந்துவிட்டால் என் தங்கை புருஷன் செனோபியோவுக்கு வீட்டில் இருப்புக்கொள்ளாது. மலையிறங்கிக் காட்டுக்குள் போய்விடுவான். எங்கள் பழைய ராசாக்களான இன்காக்கள் ஒளித்துவைத்த பைத்தீத்தி நகரம் அங்கேதான் இருக்கிறதாம். லாரேஸ் சந்தையில் அவனைக் கண்டாலே, "என்ன ராசா, உங்க அரண்மனை கெடச்சுதா?" என்று கேலி செய்வார்கள். எனக்குத்தான் மானம் போகும்.

இந்தத் தடவை தங்கை எர்மெலிந்தா கறாராகச் சொல்லிவிட்டாள். "இதுதான் கடைசி. வெறுங்கையோட வந்தா கோவேறு கழுதையை வித்துடுவேன்." கழுதை போனால் அவன் காட்டுப் பயணமும் போச்சு. காவலுக்கு என்னை அனுப்பினாள். என் தலையெழுத்து.

கொசுக்கடியில் நொந்து, சேற்றில் உருண்டு, ஒரு மேட்டில் ஏறினோம். உச்சியில் பாசி படர்ந்த கற்குவியல். மேடு ஏறுகிறவன் கீழிருந்து ஒரு கல் கொண்டுவந்து மலைச்சாமிக்கு வைப்பது எங்கள் வழக்கம். செனோபியோ மண்டியிட்டு அழுதேவிட்டான்.

"மச்சான், நம்ம முன்னோர் வச்ச கல்லு. இதுதான் அவங்க போன வழி."

எனக்கும் உடம்பு சிலிர்த்தது, பொய் சொல்வானேன். தானும் ஒரு கல் வைக்கப் பாசியை விலக்கினான். கற்களுக்கிடையே நைந்துபோன சிவப்புக் கம்பளிக் குஞ்சம். கழுதையின் காதில் கட்ட என் தங்கை பின்னுகிற அதே குஞ்சம்.

"அட கிறுக்கா, நீயே வச்ச கல்லுக்கு நீயே அழுவுறியா?"

வயிறு வலிக்கச் சிரித்தேன். அவன் கழுதையைத் திருப்பிப் பிடித்தான். சாட்சிக்குக் குஞ்சத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். ஊருக்குத் திரும்பினோம்.

வீட்டில் நானே எல்லாவற்றையும் போட்டு உடைத்தேன். எர்மெலிந்தா குஞ்சத்தைப் புரட்டிப் பார்த்தாள்.

"இது தொலைஞ்சு போச்சுன்னுதானே சொன்னே?"

"நீ காய்ச்சல்ல கெடந்த வருஷம்," என்றான் செனோபியோ. "உன்ன விட்டுட்டுப் போனது மனசு கேக்கல. நீ பொழைக்கணும்னு கல்லோட அதையும் வச்சிட்டு, அங்கேர்ந்தே திரும்பிட்டேன். பாசி மூடிக் கெடந்ததுல இப்ப எனக்கே எடம் தெரியல."

"மேட்டுக்கு அந்தப் பக்கம் பாக்கலியா?"

"பாக்கல."

"இப்பவாவது பாத்தியா?"

"மச்சான் சிரிச்சாரு. வெக்கமாப் போச்சு. வந்துட்டேன்."

கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் சூப்புக் கிண்ணத்திலிருந்து தலை நிமிரவில்லை.

"கழுதை இருக்கட்டும்," என்றாள். "அடுத்த அறுவடை முடிஞ்சதும் நாங்க ரெண்டு பேரும் போயி அந்தப் பக்கம் பாக்குறோம். அண்ணே, நீ வீட்ல இருந்து ஆட்டைப் பாத்துக்க."