அம்மா கேட்ட கோயில்

வேலை விஷயமாக மாஸ்கோ போனபோது, அந்தக் கோயிலைப் பார்க்கவென்றே ஒரு காலையை ஒதுக்கினேன். சதுக்கத்தின் மூலையில் திரும்பியதும் கண்ணில் பட்டது. வெங்காயம் வெங்காயமாகக் கோபுரங்கள், ஒவ்வொன்றும் ஒரு நிறம். எங்கள் ஊர் நகரியில், வீட்டு டிவியில் தினமும் பார்த்த அதே கோபுரங்கள்.

நைனா மெட்ராஸிலிருந்து வாங்கி வந்த வீடியோ கேம் அது. மேலிருந்து விழும் கட்டைகளை இடைவெளி இல்லாமல் அடுக்க வேண்டும். ஆட்டம் தொடங்கும் முன் இந்தப் படம் வரும். வீட்டிலேயே நன்றாக ஆடியவள் அம்மாதான். பவர்லூமை நிறுத்திவிட்டு, தலையெல்லாம் பஞ்சுத் தூசியோடு டிவி முன்னால் வந்து உட்காருவாள். ஆனால் உடனே ஆட மாட்டாள். படத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

"இது எந்த ஊரு கோயிலு?"

"அதெல்லாம் சும்மா வரஞ்சது. சீக்கிரம் ஆடு, சோறு துன்னணும்" என்பார் நைனா.

"பாக்காமயா இத்தினி கலரு போட்டிருப்பான்?"

வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் படத்தைக் காட்டிக் கேட்டாள். சந்திரகிரிக் கோட்டையில் வேலை பார்த்த மாமா மட்டும் உற்றுப் பார்த்துவிட்டு, "இதி மன தேசமே காதும்மா, நம்ம தேசமே இல்ல" என்றார்.

அம்மாவுக்கு வீடியோ கால் போட்டு, போனைத் திருப்பிக் காட்டினேன்.

"உள்ள என்னா கீது?"

"தெரியலம்மா. வெளிய நின்னு பாத்துக்கினு இருக்கேன்."

"இம்மாந்தூரம் போய்ட்டு வெளியவே நிக்கிறியே! போய்ப் பாத்துச் சொல்லு. நான் போன வெக்க மாட்டேன்."

அம்மா சொல்லும்வரை உள்ளே போகலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. போனைப் பிடித்தபடி, வாசல் எந்தப் பக்கம் என்று தேடிக்கொண்டு நடந்தேன்.