பிணைக்கு ஓர் ஆள்

போர்க்காலத்தில் நான் கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு வங்கிக் கிளையின் கடன் பிரிவில் வேலை செய்தேன். புள்ளிவிபரவியல் படித்தவள். கடன் கேட்டு யார் வந்தாலும் மனதுக்குள் மூன்று கேள்விகள் வரிசையாக வந்து நிற்கும்: வருமானம் உண்டா, அடைமானம் உண்டா, பிணைக்கு யார்?

அந்த அக்கா யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர். வாடகை வீட்டில் சமைத்து, பக்கத்துக் கந்தோர்களில் வேலை செய்பவர்களுக்கு மதியச் சாப்பாட்டுப் பார்சல் கொடுத்தார். பெரிய கிரைண்டரும் ஃபிரிட்ஜும் வாங்கக் கடன் கேட்டார். அவை இருந்தால் கொள்ளுப்பிட்டிவரை பார்சல் அனுப்பலாம், இரண்டு பெண்களை வேலைக்கு எடுக்கலாம். வருமானம் இருந்தது. அடைமானமாகக் கொண்டுவந்த உறுதிப் பத்திரத்தில் இருந்த ஊர்க் காணியோ இராணுவ முகாமுக்குள். மனேஜர் அதை மரியாதையோடு திருப்பிக் கொடுத்தார். மிஞ்சியது பிணை.

பக்கத்து வீட்டு ஆசிரியர் கையெழுத்து வைக்க வந்தார்.

"வெளிநாடு போற யோசனை ஏதும் இருக்கோ, சேர்?"

"சீ, இந்த வயசிலயோ பிள்ளை!"

நாங்கள் கடன் காசு கொடுக்கும் முன்பே அவர் குடும்பத்தோடு கனடா போய்விட்டார். விமானம் ஏறும்வரை பயணத்தைப் பற்றி வாய்திறக்காதது எங்கள் ஆட்களின் வழக்கம். சொன்னால் தடைப்படும் என்ற பயம்.

"எனக்குக் கோபமில்லை தங்கச்சி," என்றார் அக்கா. "முதல்நாள் என்னட்டைக் கனக்கப் புட்டு கட்டி வாங்கினவர். பிளேனுக்கெண்டு எனக்கு விளங்கேல்லையே!"

மனேஜர் அக்காவின் கடன் கோவையை மூடப் பார்த்தார். அவரையும் குறை சொல்ல முடியாது. அது எங்கள் காசல்ல. துறைமுகத் தொழிலாளரும் சம்பளக்காரரும் நம்பிப் போட்ட சேமிப்பு. அதை இப்படிப்பட்ட சமையலறைகளுக்குக் கொடுத்தால்தான் ஊரில் தொழில் வளரும்; திரும்பி வராவிட்டால் போட்டவர்களுக்கு நட்டம்.

"போகாத ஆள் ஒண்டு வேணும், அவ்வளவுதானே?" என்று கேட்டுவிட்டுப் போன அக்கா, மறுநாள் சந்தை மீன்காரரோடு வந்தார். சிங்களவர். கடைக்கு லைசென்ஸ் இருந்தது, எங்களிடமே சேமிப்புக் கணக்கும் இருந்தது. பழக்கத்தில் அவரிடமும் வெளிநாட்டைப் பற்றிக் கேட்டேன்.

"நான் எங்க போறது மிஸ், மீனையும் தூக்கிக்கொண்டா?"

ஏன் பிணை நிற்கிறீர்கள் என்று மனேஜர் சிங்களத்தில் கேட்டார். தினமும் அக்காவுக்குக் கடனுக்கு மீன் கொடுப்பதாகவும், வாரக் கணக்கு சனிக்கிழமை தீரும் என்றும், குண்டு வெடித்த வாரத்தில்கூடத் தவறாமல் காசு வந்ததாகவும் மீன்காரர் சொன்னார். கடன் வரலாறு என்று பயிற்சியில் நாங்கள் படித்தது இதைத்தான். மனேஜர் பேனையைத் திறந்தார்.

காசை வாங்கிய அன்று அக்கா என் மேசைப்பக்கம் குனிந்தார்.

"நீங்களும் போறதெண்டால் சொல்லிப்போட்டுப் போங்கோ தங்கச்சி. புட்டு கட்டித் தாறன்."