ஒரே பாட்டு தெரிந்தவள்

வலது கையால் ரயில்வே கேட்டின் சக்கரத்தைச் சுழற்றும்போது இடது அக்குளில் எதையோ இறுக்கி இடுக்கிக்கொண்டு நிற்பாள் ஸென்ஸி. தெரியாதவர்கள் குளிர்ஜுரமோ என்று கேட்பார்கள். இடுக்கியிருப்பது கொம்பின் ஊதுவாய். பித்தளை ஜில்லென்று இருந்தால் உதட்டில் ஒட்டிக்கொண்டு உயிரை வாங்கும். உடம்புச் சூட்டில் அரை மணி நேரம் வைத்திருந்தால் சொன்ன பேச்சுக் கேட்கும். கேட் இறங்கியதும் இரண்டு பக்கமும் மாட்டு வண்டிகளும் சைக்கிள்களும் நின்றுவிடும். அவள் கேட் அறைக்குள் புகுந்து, ஆணியில் தொங்கும் பச்சைச் சட்டையை மாட்டிக்கொண்டு, கொம்பும் கையுமாகப் பிளாட்பாரத்துக்கு ஓடுவாள். நாற்பது எட்டு தூரம்.

சட்டை அவளுடையதில்லை. மான்கொம்புப் பொத்தான் வைத்த அந்தக் கம்பளிச் சட்டை லைட்டன்பாக் ஊர் பேண்டுக்காரர்களின் சீருடை. அதைத் தைத்தது அவள் கணவன் கொலோமனின் அளவுக்கு. அவன் ஆறடி ஆள். இவள் அவன் தோளுக்குத்தான் வருவாள். முதுகுப்பக்கம் பதினோரு ஊக்குகள் குத்தி இழுத்துப் பிடித்திருப்பாள். "குடு ஸென்ஸி, ஒரு மணி நேரத்துல சின்னதாக்கித் தரேன்" என்று தையல்காரி ஒருத்தி கேட்டபோது, சட்டையை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள்.

"வெட்டிப்புட்டா அவரு வந்து எதைப் போட்டுக்குவாரு? ஊக்கே போதும்."

அந்த கேட்டும் கொலோமனுடையதுதான். ரயில்வேயில் கேட் கீப்பர். பேண்டில் ஃப்ளூகல்ஹார்ன், அதாவது டிரம்பெட்டைவிட வாய் அகன்று, குரல் கொஞ்சம் கனிந்த கொம்பு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து மூன்றில் அவனைப் பட்டாளத்துக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். அடுத்த கோடையோடு கடிதம் நின்றது. யுத்தம் முடிந்து ஒரு வருஷம் கழித்து, ரஷ்யாவில் ஏதோ ஒரு முகாமிலிருந்து செஞ்சிலுவைச் சங்கத்தின் அட்டை ஒன்று வந்தது. இருபத்தைந்து வார்த்தை. உயிரோடு இருக்கிறேன் என்பதுதான் சாரம். இன்னொன்று நாற்பத்தேழு வசந்தத்தில் வந்தது. அதற்குப் பிறகு ஒன்றரை வருஷமாக ஒன்றும் இல்லை.

அவன் கேட்டை அவள் சுழற்றினாள். அதில் அதிசயமில்லை, ஆஸ்திரியாவில் பாதி வேலையை அப்போது பெண்கள்தான் பார்த்தார்கள். அவன் கொம்பையும் எடுத்து ஊதினாளே, அதுதான் லைட்டன்பாக்கை வாயடைத்துப்போக வைத்தது.

ரஷ்யப் படை ஊருக்குள் வந்தபோது கடிகாரம், சைக்கிள், வாத்து, எல்லாம் போயிற்று. கொம்பு மட்டும் தப்பியது. அடைக்கோழியின் கூட்டுக்குள் வைக்கோலைப் போட்டு மூடி, அதன்மேல் கோழியை உட்கார வைத்துவிட்டாள். கோழி மூன்று வாரம் முட்டையும் கொம்புமாக அடைகாத்தது. "குஞ்சு பொரிச்சிருந்தா வீட்டுக்கு ஒரு பேண்டே கெடைச்சிருக்கும்" என்பாள் ஸென்ஸி, சிரிக்காமல்.

யுத்தம் முடிந்து இரண்டு வருஷம் நாட்டுக்கென்று பாட்டே இல்லை. பழையதை வாசிக்கக் கூடாது, புதியது வரவில்லை. எங்காவது கொடி ஏற்றினால் ஒரு வால்ஸ் நடன மெட்டை வாசித்துச் சமாளித்தார்கள். நாற்பத்தேழில் புதுப் பாட்டு வந்தது. சுரம் அச்சடித்த தாள் பேண்டு மாஸ்டர் ஃபெல்னருக்கு வந்து சேர்ந்த வாரமே ஸென்ஸி அவர் வீட்டுக் கதவைத் தட்டினாள். ஃபெல்னர் பள்ளிக்கூட வாத்தியார். ஊரில் எல்லோருக்கும் அவர் வாத்தியார்தான்.

"வாத்தியாரே, கொலோமன் நாற்காலி சும்மாதானே கெடக்கு. நான் உக்காந்துக்கறேன்."

"பொம்பளை கொம்பு ஊதினா ஊர் சிரிக்கும், ஸென்ஸி."

"சிரிக்க ஊர்ல யாரு இருக்கா? பாதிப் பேரு மண்ணுக்குள்ள, மீதிப் பேரு ரஷ்யாவுல."

வாத்தியார் யோசித்தார். புதுப் பாட்டின் தாளில் ஒரு பிரதியை நீட்டி, "இதை மட்டும் கத்துக்கிட்டு வா, பாக்கலாம்" என்றார். வரமாட்டாள் என்ற நம்பிக்கையில்தான் சொன்னார்.

ஒரு ரயிலுக்கும் அடுத்த ரயிலுக்கும் நடுவே, கேட் அறையில் உட்கார்ந்து ஊதினாள். நாற்பத்தோரு வயது, அதுவரை சீழ்க்கைகூட அடித்ததில்லை. முதல் மாதம் வெறும் காற்று. இரண்டாம் மாதம் கன்றுக்குட்டி கத்துவதுபோல் ஒரு சத்தம். பக்கத்துப் பண்ணைக்காரன் தன் மாடுகள் பால் குறைத்துவிட்டதாக எழுதிக் கொடுத்துப் புகார் செய்தான். உதடு வெடித்து ரத்தம் கட்டும். பன்றிக்கொழுப்பைத் தடவிக்கொண்டு மறுபடியும் ஊதுவாள். மூன்றாம் மாதக் கடைசியில் வாத்தியார் முன்னால் நின்று, முதல் சுரத்திலிருந்து கடைசிச் சுரம் வரை நிறுத்தாமல் வாசித்தாள். வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடியும் மாட்டிக்கொள்ள வெகுநேரமாயிற்று.

அணிவகுப்புக்கு வாசிக்கும் மார்ச் இரண்டு, போல்கா ஆட்ட மெட்டு ஒன்று கற்றுக்கொள் என்று வாத்தியார் சொன்னதற்கு ஒரேயடியாக மறுத்துவிட்டாள். "அதெல்லாம் அவரு வந்து வாசிப்பாரு. வர்றவங்கள வான்னு கூப்பிட எனக்கு ஒண்ணு போதும்." அதனால் பேண்டு மார்ச் வாசிக்கும்போதெல்லாம் கொம்பை மடியில் போட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பாள். புதுப் பாட்டு வந்தால் மட்டும் எழுந்து நிற்பாள்.

அவளுக்குப் பக்கத்து நாற்காலி எங்கல்பெர்ட்டுடையது. கசாப்புக்காரர், அறுபத்தெட்டு வயது, வாசிப்பது டியூபா, பேண்டிலேயே பெரிய அடிக்குரல் கொம்பு. அவருடைய சுரப் புத்தகத்தின் முதல் பக்கம் மட்டும் அட்டை மாதிரித் தடித்திருக்கும். ஒன்றன்மேல் ஒன்றாக ஐந்து தாள் ஒட்டியது.

"இந்தா பாரு புள்ள" என்று ஓரத்தை நகத்தால் நெம்பிக் காட்டுவார். "அடியில இருக்கறது பேரரசருக்கு. நான் மீசை முளைக்காதப்பவே வாசிச்சது. அதுக்கு மேல குடியரசு வந்தப்போ ஒண்ணு. பாடுனா தொண்டை கிழியும், ஒரு பய பாடல. பத்து வருஷம்கூட ஓடல, மறுபடி பேரரசர் மெட்டே வந்துச்சு, வார்த்தை மட்டும் வேற. அப்புறம் முப்பத்தெட்டுல பெர்லின்காரன் வந்து நாட்டையே சேத்துக்கிட்டான். அவன் பாட்டும் அதே மெட்டு. நான் விரலை மாத்தவே இல்ல. எசமான்தான் மாறிக்கிட்டே இருந்தான்."

"இப்ப மாத்தணுமே, பெரியவரே."

"அதான் கஷ்டம். மூளை மாறிடுச்சு. உதடு மாறல."

ஸென்ஸிக்கு இதெல்லாம் கேட்க வியப்பாக இருக்கும். ஐந்து பாட்டுக்கு எழுந்து நின்ற மனிதர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். தனக்கோ வாசிக்கத் தெரிந்தது இது ஒன்றுதான். வார்த்தைகளை எழுதியது ஒரு பெண் என்று கேள்விப்பட்டதில் அவளுக்குத் தனிப் பெருமை. "ஆனாலும் பாருங்க, எழுதுனவ பொம்பளை, புகழறது ஆம்பளைப் புள்ளைங்கள மட்டும்" என்று ஒரு குறையும் சொல்லிவைப்பாள்.

ரஷ்ய முகாம்களிலிருந்து விடுபட்ட போர்க்கைதிகள் வியன்னா வரை பெரிய ரயிலில் வந்து, அங்கிருந்து இரண்டு பேர், நான்கு பேராக ஊர் ரயிலில் வருவார்கள். அவர்கள் இறங்கும்போது பேண்டு வாசிக்க வேண்டியது புதுப் பாட்டு, மேயரின் உத்தரவு. அதில்தான் ஒரு விசித்திரம். தேசிய கீதம் என்றால் இந்த ஊரில் தொப்பியைக் கழற்றாத ஆண்பிள்ளை கிடையாது. இறங்கியவர்களோ தொப்பியும் தலையுமாக நின்று, யாருக்காக வாசிக்கிறார்கள் என்று பின்னால் திரும்பிப் பார்ப்பார்கள். ஒருவன் ஸ்டேஷன் மாஸ்டரிடம், "ஐயா, தப்பான நாட்டுல இறங்கிட்டேனா?" என்றே கேட்டுவிட்டான். யாரும் சிரிக்கவில்லை. எந்த நாட்டிலிருந்து போனார்களோ அந்த நாடு அவர்கள் இல்லாதபோது பெயரை மாற்றிக்கொண்டு, பாட்டையும் மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

தாளைப் பார்த்து வாசி என்பது வாத்தியாரின் கட்டளை. ஸென்ஸி பார்க்கமாட்டாள். கொம்பின் வாய்க்கு மேலாக ஒவ்வொரு முகத்தையும் பார்ப்பாள். முப்பத்தாறு முகங்கள் இறங்கியாயிற்று. ஒவ்வொரு தடவையும் பாட்டை முழுதாக முடித்துவிட்டு, கொம்பிலிருந்து எச்சில் நீரை வடித்துவிட்டு, கேட்டைத் திறக்கப் போய்விடுவாள்.

நாற்பத்தெட்டு அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை, மதிய ரயிலில் மூன்று பேர் என்று வியன்னாவிலிருந்து போன் வந்தது. பெயர் சொல்லவில்லை. அன்றைக்குப் பார்த்து ரஷ்யக் காப்டன் ஒருவரும் பிளாட்பாரத்துக்கு வந்து, இடுப்புப் பட்டையில் கைவைத்துக்கொண்டு நின்றார். அவர்கள் ஆட்சிக்கு உட்பட்ட பகுதி அது. ஏன் கூப்பிட்டார்கள் என்று தெரியாமலே ஜீப்பில் ஏறிப்போய்த் திரும்பாத இரண்டு பேர் லைட்டன்பாக்கிலும் உண்டு. வாத்தியார் தாளக் குச்சியைத் தூக்கிக்கொண்டார்.

ரயில் நின்றது. முதலில் இறங்கியவர் தாடி நரைத்த மனிதர். புதுப் பாட்டின் முதல் வரி முடிவதற்குள், பச்சைச் சட்டைகளையும் பித்தளையையும் கண்ட அவருக்குத் தாங்கவில்லை. தொப்பியைக் கழற்றினார். தனக்குத் தெரிந்த ஒரே தேசப் பாட்டை, பள்ளிக்கூடத்தில் படித்த பேரரசர் காலத்துப் பாட்டை, பெருங்குரலெடுத்துப் பாட ஆரம்பித்துவிட்டார்.

தாளம் புதியதற்கு மூன்று தட்டு, பழையதற்கு நான்கு. வாத்தியாரின் குச்சி மூன்று போட்டுக்கொண்டே இருக்க, எங்கல்பெர்ட்டின் டியூபா நான்குக்குப் போய்விட்டது. கிளாரினெட்டுகள் டியூபாவின் பின்னால் போயின. டிரம்பெட்டும் சாய்ந்தது. கிழவர்கள் கண்ணில் தண்ணீர் வழிய வழிய, தாம் என்ன வாசிக்கிறோம் என்பதே தெரியாமல் வாசித்தார்கள். காப்டனுக்குப் பேரரசரைத் தெரியாது. அந்த மெட்டை அவர் கேட்டதெல்லாம் போர்முனையில் பெர்லின்காரன் பக்கத்திலிருந்துதான். அவர் முகம் மாறியது. ஓரடி முன்னால் வைத்தார். வாத்தியாரின் உதடு வெளுத்தது.

அந்த நேரத்தில் மூன்றாவது ஆள் படியில் இறங்கினான். எலும்பும் தோலுமாக ஆறடி. கொலோமன்.

ஸென்ஸி பார்த்தாள். கொம்பை இறக்கிவிட்டு ஓடினால் பத்தே எட்டு. ஆனால் புதுப் பாட்டு அப்போது அந்தப் பிளாட்பாரத்தில் ஒரே ஒரு கொம்பில்தான் உயிரோடு இருந்தது. மற்றவர்களின் உதடு போன வழிக்கு அவள் உதடு போக வழியே இல்லை. அவளுக்கு வேறு பாட்டுத் தெரியாது. அவள் இறக்கவில்லை. கண்ணை அவன்மேல் வைத்தபடி, நெஞ்சில் இருந்த காற்றையெல்லாம் திரட்டி ஊதினாள். அப்படி ஒரு சத்தம் அந்தக் கொம்பிலிருந்து கொலோமன் காலத்திலும் வந்ததில்லை என்று எங்கல்பெர்ட் பிற்பாடு எல்லோரிடமும் சொன்னார். கேட்டுக்கு அப்பால் வண்டிமாடுகள்கூடத் தலையைத் தூக்கின. என்ன மனுஷி ஐயா அவள்.

முதலில் டிரம்பெட் திடுக்கிட்டு அவளிடம் வந்து சேர்ந்தது. பிறகு கிளாரினெட்டுகள். கடைசியாக டியூபா, பாதி வரியில் மூச்சை நிறுத்தி, மூன்று தட்டுக்குத் திரும்பியது. தாடிக்காரர் பாடுவதை நிறுத்திவிட்டு மிரண்டு பார்த்தார். காப்டன் நின்ற இடத்திலேயே நின்று வாத்தியாரைப் பார்த்தார். வாத்தியார் குச்சியை விடாமல் ஸென்ஸியின் பக்கம் தலையசைத்தார். காப்டனின் கை பட்டையை விட்டு மெல்ல நெற்றிக்குப் போயிற்று. கடைசிச் சுரம்வரை கை அங்கேயே இருந்தது.

பாட்டு முடிந்ததும் ஸென்ஸி நடந்துதான் போனாள். கீழுதடு வெடித்திருந்தது. கொலோமன் அவளைப் பார்த்தான், கொம்பைப் பார்த்தான், மறுபடி அவளைப் பார்த்தான்.

"இது யாரு பாட்டு, ஸென்ஸி?"

"நம்ம பாட்டுதான்."

"நமக்குன்னு இப்படி ஒண்ணு இருக்கா?"

"போன வருஷத்துலேருந்து இருக்கு. இந்தாங்க. இனிமே நீங்க வாசிங்க."

கொலோமன் கொம்பை வாங்கினான். அதுவரை உதட்டைப் பிரிக்காமல் முணுமுணுத்தவன் இப்போது வாய் திறந்து சிரித்தான். மேல்வரிசையில் முன்பல் ஒன்றுகூட இல்லை. முன்பல் இல்லாத வாய் கொம்புக்கு உதவாது என்பது அங்கிருந்த பேண்டுக்காரர் எல்லோருக்கும் தெரியும். எங்கல்பெர்ட் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கொலோமன் கொம்பைத் திருப்பி, ஊதுவாய் அவள் பக்கம் வரும்படி அவள் கையிலேயே வைத்தான். பிறகு இரண்டு எட்டுப் பின்னால் போய், தலையிலிருந்த முகாம் தொப்பியைக் கழற்றி மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, விறைப்பாக நின்றான்.