ரொட்டிக் கடைப் பெண் ஓட்டிய கார்

சென்ற ஆண்டு இறுதிப் பள்ளி விடுமுறையில், லண்டனில் இருக்கும் என் அக்காவைப் பார்க்கப் போயிருந்தேன். பல வருடம் ஆசைப்பட்டுப் போன பயணம் என்பதால் கால் ஓயும்வரை சுற்றினேன். திரும்பும்போது விமானத்தில் ஜன்னலோர இருக்கை கிடைத்தது. பக்கத்தில் இருந்த இருவரும் அயர்ந்து தூங்கினார்கள். அவர்களை எழுப்ப மனமில்லாமல், கோலாலம்பூர் வரும்வரை இடத்தைவிட்டு அசையாமல் நானும் தூங்கிவிட்டேன்.

கூலிமில் வீடு வந்து சேர்ந்ததும் இடது கெண்டைக்கால் வலித்தது. ஊர் சுற்றிய வலிதானே என்று தைலம் தேய்த்துக்கொண்டேன். இரண்டு நாளில் வேலைக்குத் திரும்பினால், வெளிவேலை தயாராகக் காத்திருந்தது. கையுறை செய்யும் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் பிரிவில் இருக்கிறேன். எங்களுக்கு ரப்பர் பால் அனுப்பும் தோட்டங்களை அவ்வப்போது போய்ப் பார்த்து வரவேண்டும். அன்று பீடோங் பக்கம் ஒரு தோட்டம். இப்போதுதானே லீவு எடுத்தோம், எப்படி மாட்டேன் என்று சொல்வது? காரை எடுத்துக்கொண்டு தனியாகவே கிளம்பிவிட்டேன்.

தோட்டத்தில் பால் சேகரிக்கும் கொட்டகைவரை சின்ன ஏற்றம்தான். அதற்குள் மூச்சு வாங்கியது. பயணக் களைப்பு இன்னும் தீரவில்லை போலும் என்று நினைத்தேன். வேலையை முடித்துக்கொண்டு பீடோங் வந்ததும், சூடாக ஏதாவது குடித்தால் சரியாகிவிடும் என்று ரோட்டோரத்தில் ஒரு ரொட்டி சானாய் கடையில் காரை நிறுத்தினேன்.

காலைக் கூட்டம் கலைந்திருந்தது. கல்லில் ரொட்டி போட்டுக்கொண்டிருந்த பெண்ணுக்கு முப்பது வயது இருக்கலாம். ஒரு மேசையில் மலாய்ப் பெரியவர் ஒருவர் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்.

"வாங்கக்கா, பசியாறிட்டீங்களா?" என்று கேட்டாள். பதில் சொல்ல வாயைத் திறந்தேன். நெஞ்சில் ஊசி இறங்கியதுபோல ஒரு வலி. மூச்சை இழுக்க இழுக்க வலி கூடியது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

அவள் ஓடி வந்து என் முகத்தைப் பார்த்தாள். "அலாமா! அக்கா, என்ன செய்யுது? யாரு கூட வந்தீங்க?"

தனியாக வந்தேன் என்றேன். கொஞ்ச நேரம் இருந்தால் சரியாகிவிடும், நானே காரை ஓட்டிப் போய்விடுவேன் என்றும் சொன்னேன்.

"உங்களால நிக்கவே முடியல. காடி ஓட்டப் போறீங்களா?" என்று கத்தியபடியே ஆம்புலன்சுக்குப் போன் போட்டாள். வண்டி ஒரு விபத்துக்குப் போயிருக்கிறது, வர நேரமாகும் என்று பதில் வந்தது. பெரியவரிடம் இருந்ததோ மோட்டார் சைக்கிள். அதில் என்னை எப்படி ஏற்றுவது? அவள் ஒரு நிமிடம் என் காரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அடுப்பை அணைத்தாள். கையிலிருந்த மாவைத் துண்டில் துடைத்துக்கொண்டு, "சாவியக் குடுங்கக்கா" என்றாள்.

இருவருமாக என்னைத் தாங்கிப் பிடித்து முன் இருக்கையில் உட்கார வைத்தார்கள். பெரியவர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, "இக்குட் சாயா" என்று தன் பின்னால் வரச் சொல்லி மோட்டார் சைக்கிளைக் கிளப்பினார்.

கார் நகர்ந்த பிறகுதான் அவள் சொன்னாள். "அக்கா, தப்பா நெனைக்காதீங்க. லைசென்ஸ் இருக்கு. ஆனா எடுத்த மறுநாளே ஒரு பஸ்ஸு என்னை ஒரசிட்டுப் போச்சு. அதுக்கப்புறம் நான் காடியத் தொட்டதே இல்ல."

எனக்கு அப்போது பயப்படக்கூடத் தெம்பில்லை. சுங்கைப் பட்டாணி ஆஸ்பத்திரிக்குப் போகும் சாலையில் லாரிகள் எங்களை ஒட்டிக்கொண்டு போயின. ஒவ்வொன்று கடக்கும்போதும் அவள் "முருகா" என்றாள். ஆனால் வேகத்தைக் குறைக்கவில்லை. முன்னால் பெரியவர் ஹாரனை அழுத்திக்கொண்டே, ஒரு கையை ஆட்டி ஆட்டி வழிவிடச் சொல்லிக்கொண்டு போனார்.

என் கண்கள் செருகத் தொடங்கின. "அக்கா, தூங்காதீங்க லா! ஊருக்கு எங்கயாச்சும் போனீங்களா, லீவுக்கு?" என்றாள். லண்டன் என்றேன். "லண்டனா! ரொம்பக் குளிரா?" என்றவள், நான் மூச்சுக்குத் திணறுவதைப் பார்த்து, "வேணாம், நீங்க பேசாதீங்க. நான் பேசுறேன், நீங்க தலைய மட்டும் ஆட்டுங்க" என்றாள். அங்கே ரொட்டி சானாய் கிடைக்குமா, தே தாரிக் டீ கிடைக்குமா, பனி கொட்டுமா என்று கேட்டுக்கொண்டே வந்தாள். நானும் தலையை ஆட்டிக்கொண்டே வந்தேன்.

பட்டணத்துக்குள் நுழைந்ததும் சிவப்பு விளக்கு. "ஐயோ, சிவப்பு லா" என்று பிரேக்கை மிதித்தாள். எங்களுக்கு முன்னால் வண்டிகள் இல்லை. ஆனால் குறுக்கே கார்கள் ஓயாமல் ஓடிக்கொண்டிருந்தன. பெரியவர் மோட்டார் சைக்கிளை ஓரமாகச் சாய்த்துவிட்டு, சந்தியின் நடுவில் போய் நின்று இரண்டு கைகளையும் விரித்தார். ஒரு வேன் அவர் முழங்காலுக்கு அருகில் வந்துதான் நின்றது. அவர் நகரவில்லை. எல்லா வண்டிகளும் நின்ற பிறகு, வா என்று அவளுக்குத் தலையசைத்தார். நாங்கள் அவரைக் கடந்து போனோம்.

ஆஸ்பத்திரி வாசலில் என்னைத் தள்ளுபடுக்கையில் ஏற்றியது நினைவிருக்கிறது. அதன் பிறகு எல்லாம் துண்டு துண்டாகத்தான். நீண்ட நேரம் காலை அசைக்காமல் உட்கார்ந்திருந்ததில் காலின் இரத்தக் குழாய்க்குள் இரத்தம் உறைந்து, அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போய்விட்டதாம். தனியாகக் காரோட்டிப் போயிருந்தால் வழியிலேயே மயங்கியிருப்பீர்கள் என்று டாக்டர் சொன்னார். என் கணவர் வந்து சேரும்வரை அந்தப் பெண் வெளியே நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தாளாம். பெரியவரும் வந்து, நான் பிழைத்துக்கொள்வேன் என்று தெரிந்த பிறகுதான் அவளை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு பீடோங்குக்குத் திரும்பினாராம்.

உடம்பு தேறியதும் நானும் கணவரும் அந்தக் கடைக்குப் போனோம். பெரியவர் அதே மேசையில் இருந்தார். நன்றி சொன்னதும் வெட்கப்பட்டுச் சிரித்து, எனக்கும் ஒரு காப்பி சொன்னார். அவளிடம், "உனக்குப் பயமே இல்லையாம்மா?" என்று கேட்டேன்.

"பயமில்லாமலா? வண்டிய விட்டு எறங்குனதும் அங்கயே தரையில உக்காந்து அழுதுட்டேன். ஆனா அதுக்கு மொதல்ல உங்கள உள்ள கொண்டு போய் விடணும் இல்லையா?" என்றாள், ஏதோ கடைச் சாமான் வாங்கி வந்ததைச் சொல்வதுபோல.

முன்பின் தெரியாத ஒருத்திக்காகத் தன் பயத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளி வைத்த அவளையும், ஓடும் வண்டிகளுக்கு நடுவே கைவிரித்து நின்ற அந்தப் பெரியவரையும் நினைக்கும்போதெல்லாம், இவர்கள் இருக்கிற வட்டாரத்தில் நானும் இருக்கிறேன் என்பதே எனக்குப் பெரிய தைரியமாக இருக்கிறது.